டென்ஷன் இல்லாதவருக்கும் ஹைப்பர்டென்ஷன்

சொல்லைக் கண்டால் பகுதி, விகுதி எனப் பிரித்துப் பார்ப்பது தமிழாசிரியர்க்கு வாய்த்த பழக்கம். மருத்துவர்தம் நெடுஞ்சொற்களும் அப்பழக்கத்திற்குத் தப்புவதில்லை.

டெங்கிலில் நம்மவரிடையே ஒரே நோய்க்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. மூத்தோர் ‘இரத்தக் கொதிப்பு’ என்பர். மலாய் வழக்கில் அது ‘டாரா திங்கி’. மருத்துவர் வாயிலோ ‘ஹைப்பர்டென்ஷன்’.

எங்கள் வரிசை வீட்டில் ஓர் அம்மையார் இருக்கிறார். முன்னாளில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மாத்திரையைப் பல மாதங்களாக நிறுத்தியிருந்தார். ஏனென்று வினவினேன். “பிள்ளைகளெல்லாம் கரையேறிட்டாங்க தம்பி. எனக்கு என்ன டென்ஷன்? அப்புறம் மாத்திரை எதுக்கு?” என்றார்.

அவருடைய தருக்கத்தில் பிழையில்லை. சொல்தான் அவரை ஏமாற்றிவிட்டது. ‘ஹைப்பர்’ கிரேக்கம், மேல், மிகை என்பது பொருள். ‘டென்ஷன்’ இலத்தீன் வழி வந்தது. இழுத்து விறைப்பாக்குதல் என்னும் வேர்ப்பொருளுடையது. இங்கே விறைப்பு மனத்துக்கு அன்று, இரத்தக் குழாயின் சுவருக்கு. கவலையற்றவர்க்கும் இந்நோய் வரும். பெரும்பாலும் அறிகுறி எதுவுமின்றியே வரும். 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாய்வில் மலேசியப் பெரியவர்களுள் பத்தில் மூவருக்கு இந்நோய் இருந்தது. அவர்களுள் பாதிப்பேர் அதனை அறியாதிருந்தனர். அறியாமலே இதயமும் சிறுநீரகமும் பழுதுறும், பக்கவாதமும் வரலாம். ‘கொதிப்பு’ என்னும் நம் பழஞ்சொல்லும் இவ்வகையில் குற்றமுடையதே. சினங்கொள்ளாதவர் தமக்குக் கொதிப்பு வாராது என்றுதானே எண்ணுவார்?

இன்னொன்று, ‘ஹைப்போ’. இறுதியில் ஓரொலி மாறினால் பொருள் தலைகீழ். கீழ், குறை என்றாகிவிடும். ஹைப்போடென்ஷன் என்பது தாழ் இரத்த அழுத்தம். தொலைபேசியில் பேசும்போது இவ்விரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும்; அழுத்திக் கேட்டுக்கொள்க.

அழுத்தமானியின் ஆங்கிலப் பெயரில் வரும் ‘ஸ்ஃபிக்மோ’ நாடியைக் குறிக்கும்; ‘மீட்டர்’ அளவுக் கருவி. அது காட்டும் இரண்டு எண்களில் மேலது இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். கீழது விரியும்போது உள்ளது. கிளினிக்கில் எடுக்கும் அளவு மீண்டும் மீண்டும் 140க்கோ 90க்கோ குறையாதிருப்பின் அது நோயெனக் கொள்ளப்படும்.

ஈழத்தமிழர் இதனை ‘உயர் குருதியமுக்கம்’ என்பர். நாம் ‘உயர் இரத்த அழுத்தம்’ என்கிறோம். எதுவாயினும் ‘உயர்’ என்பது எனக்கு மிகப் பிடித்திருக்கிறது. அது வினைத்தொகையன்றோ! உயர்ந்த, உயர்கின்ற, உயரும் என முக்காலமும் அதனுள் அடங்கும். இன்று மாத்திரையால் தணிந்திருப்பது நாளை அதனை விட்டால் உயரும் என்பதையும் அந்த ஒரு சொல்லைக் கொண்டே அம்மையாருக்கு விளக்க முடிந்தது.