வாடகை இல்லாத குடித்தனம்

பாரீஸ் நோத்ர்தாம் தேவாலயத்துக்குள் நுழைய டிக்கெட் கிடையாது. பர்ஸும் கையுமாகக் கவுன்ட்டரைத் தேடினேன். 'சும்மா உள்ளே போங்க' என்று காவலாளி கை காட்டிவிட்டார். இந்த ஓசிக்குப் பின்னால் ஒரு பெரிய விவகாரமே இருக்கிறது.

1905-ல் பிரெஞ்சு சர்க்காரும் மதமும் விவாகரத்து வாங்கிக்கொண்டன. இனி எந்த மதத்துக்கும் சம்பளம், மானியம் கிடையாது. ஆனால் கதீட்ரல்கள் சர்க்கார் சொத்து; பூசை செய்யும் உரிமை மட்டும் சபைக்கு. ஆக, சர்க்கார் வீட்டுக்காரர், பாதிரியார் வாடகை தராத குடித்தனக்காரர். கூரை ஒழுகினால் செலவு வீட்டுக்காரர் தலையில்!

2019 ஏப்ரல் 15 அன்று அந்தக் கூரையே பற்றி எரிந்தது. 80 கோடி யூரோவுக்கு மேல் நன்கொடை குவிந்தது. 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். அதற்குச் சற்று முன்னால் கலாசார அமைச்சர், 'டூரிஸ்ட்டிடம் தலைக்கு 5 யூரோ வாங்கினால் மற்ற பழைய சர்ச்சுகளைப் பழுது பார்க்கலாமே' என்றார். சபை ஒப்பவில்லை. கும்பிட வந்தவன் யார், வேடிக்கை பார்க்க வந்தவன் யார் என்று வாசலில் எப்படிப் பிரிப்பதாம்? நியாயம்தானே!

ரயிலேறி இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்ட்ராஸ்பூர் போனால் கதை தலைகீழ். இங்கே பாதிரியாருக்கும் யூத குருவுக்கும் சர்க்கார் சம்பளம்! 1905-ல் இந்த ஊர் ஜெர்மனி வசம் இருந்தது. 1918-ல் பிரான்ஸுக்குத் திரும்பியபோது பழைய ஏற்பாட்டைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. 2013-ல் அரசியல் சாசன சபையும் 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று சொல்லிவிட்டது. அந்தச் சம்பளப் பட்டியலில் இஸ்லாம் மட்டும் இல்லை. நெப்போலியன் காலத்துப் பட்டியல் அது.

'மதத்தை எடுத்துவிட்டால் பிள்ளைகள் ஒழுக்கம் கெட்டுப் போகாதா?' என்ற கேள்வி அங்கேயும் எழுந்ததுதான். 1882-ல் பள்ளிப் பாடத்திலிருந்து மத போதனையை நீக்கி, ஒழுக்கத்தையும் குடிமையையும் வைத்தவர் ஜூல் ஃபெர்ரி. அடுத்த வருஷம் வாத்தியார்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் அவர் சொன்ன யோசனை ரொம்ப எளிமையானது: வகுப்பில் நீங்கள் சொல்லப்போவதைக் கேட்டு ஒரே ஒரு தகப்பனார் மனம் நோகும் என்றாலும், அதைச் சொல்லாதீர்கள்.

சர்க்காருக்கும் இந்த அளவுகோல் போதும் என்று தோன்றுகிறது. ஸ்ட்ராஸ்பூரில் ஒரு முஸ்லிம் தகப்பனார் ஒழுங்காக வரி கட்டுகிறார். பக்கத்து வீட்டுக்காரரின் பாதிரியாருக்கு அதிலிருந்தும் சம்பளம் போகிறது. அவரை யாராவது கேட்டார்களா?