மருந்தின் ஐந்தாவது கூறு

திருக்குறளின் 95 ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கின்றது: நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன். பத்தாண்டுகளாக நான் இதனை மாணவர்க்குக் கற்பித்து வருகின்றேன். இன்றைய சமுதாயத்தில் இந்நான்கினையும் கூடவிடாது தடுக்கவல்ல ஐந்தாவது கூறொன்றும் உண்டென்பதனை எந்த உரையாசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் தமக்கையின் காப்புறுதிப் பத்திரத்தை வாசித்தபோதே அதனை அறிந்துகொண்டேன்.

2021 இல் அக்காவுக்கு வயது 42. உயரம் 156 சென்ரிமீற்றர். நிறை 104 கிலோகிராம். நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடற்றிணிவுச் சுட்டி ஏறத்தாழ 43 ஆக இருந்தது. ஒன்பது ஆண்டுகளாக நீரிழிவு. இரு முழங்கால்களிலும் நோவு. உறக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்பட்டமையால் இரவில் நித்திரையில்லை. இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றி எஞ்சியதைக் குழாய்போல ஆக்கும் சத்திரசிகிச்சையை வைத்தியர் பரிந்துரைத்தார்.

வீட்டில் அதனை முதலில் எதிர்த்தவன் நானே. அளவறிந்து உண்ணுமாறு கூறும் குறள்களை வகுப்பில் விளக்கி விளக்கிப் பழகிய வாய், வீட்டிலும் அதனையே சொல்லிற்று. “வாயைக் கட்டினால் வயித்தை வெட்டத் தேவையில்லையே அக்கா” என்றேன். அவர் கோபிக்கவில்லை. “தம்பி, நீ பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறதை நான் பத்து வருசமாச் செய்து பார்த்திட்டன்” என்றார். அவர் எழுதி வைத்திருந்த உணவுக் குறிப்புப் புத்தகங்கள் மூன்றினை அன்றுதான் கண்டேன். காலையில் இரண்டு இடியப்பம், மதியம் ஒரு அகப்பைச் சோறு என நாள்தோறும் கணக்கு வைத்திருந்த ஒரு மனிதருக்கு நான் ஒழுக்கம் போதித்திருக்கின்றேன். அந்த வெட்கம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

அத்தான் தனியார் நிறுவனமொன்றில் எழுதுவினைஞர். ஊழியருக்கும் குடும்பத்தினருக்குமான கூட்டுக் காப்புறுதி அங்கே இருந்தது. மாதந்தோறும் சம்பளத்திற் கட்டுப்பணம் கழிக்கப்பட்டது. பத்திரமோ ஆங்கிலத்தில், 30 பக்கங்களுக்கு மேற்பட்டது. சொல்லுக்குப் பொருள் கூறுவது என் தொழிலாகையால் அது என் கைக்கு வந்தது. முன்னைய பக்கங்களில் வழங்கப்பட்டவற்றை எல்லாம் ‘விலக்குகள்’ என்னும் பகுதி ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றது. அப்பகுதியின் ஒரே வரியில் அழகுக்கான சிகிச்சை, மூக்குக்கண்ணாடி, உடற்பருமனுக்கான சிகிச்சை ஆகிய மூன்றும் இருந்தன. அக்காவின் மூச்சுத் தடையும் ஒருவர் மூக்கை நேராக்கிக்கொள்ளும் ஆசையும் அவ்வரியில் ஒரே இனமாகிவிட்டன.

மனந்தளராது எழுத்துமூலம் முன்னனுமதி கோரினோம். வைத்தியர் கடிதத்தில் அக்காவின் நோய்கள் ஒவ்வொன்றும் குறிப்பிடப்பட்டன. உணவுக் குறிப்புகளின் பிரதிகளை இணைத்தோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்படுத்தலின் பத்தாம் திருத்தத்தில் உடற்பருமன் ஈ 66 என்னும் குறியீட்டுடன் இடம்பெறுகின்றது என்பதைச் சுட்டினோம். சுட்டி 40 ஐத் தாண்டியோருக்கும், 35 ஐத் தாண்டிக் கடும் இணைநோயுள்ளோருக்கும் இச்சிகிச்சை பொருந்தும் என அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் கூட்டிய அறிஞர் குழு 1991 இலேயே கூறியிருந்ததனையும் எழுதினோம். நான்கு வரியில் மறுமொழி வந்தது: பத்திரத்தின் நிபந்தனைப்படி கோரிக்கை ஏற்கப்படமாட்டாது.

அப்பத்திரத்தின் நியாயத்தை மேலும் ஆராய்ந்தேன். நீரிழிவு முற்றிக் கால் அழுகினால், அதனை வெட்டி அகற்றும் செலவை வரையறைக்குட்பட்டு அதே பத்திரம் தரும். காலைக் காப்பதற்குச் செலவில்லை, இழப்பதற்கு உண்டு! இந்நியாயத்தைக் கொடிய மனிதர் எவரும் இருந்து இயற்றியதாக நான் எண்ணவில்லை. கட்டுப்பணம் ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்படுவது. நோய் தடுக்கப்படுவதன் பயனோ பல ஆண்டுகளின் பின் கிடைப்பது. அவ்வேளை அந்த ஊழியர் வேறு நிறுவனத்தில் இருக்கலாம். ஆகவே இன்று செலவழித்து நாளைய பயனைப் பிறரிடம் விட்டுவிட இலாபக் கணக்கு இணங்காது.

இதில் வரலாற்று முரணொன்றும் உளது. மனித உடலுக்கு ‘இலட்சிய நிறை’ வகுத்துப் பரப்பியவர்களுள் காப்புறுதித் தொழிலினரே முதன்மையானவர்கள். அமெரிக்காவின் மெற்றோப்பொலிற்றன் ஆயுட் காப்புறுதிக் கம்பனி 1942 இல் பெண்களுக்கும் 1943 இல் ஆண்களுக்கும் நிறை அட்டவணைகளை வெளியிட்டது. 1959 இல் அவற்றைத் திருத்தியது. பத்திரம் வாங்கியோரின் இறப்புக் கணக்கே அவற்றுக்கு அடிப்படை. பெல்ஜிய அறிஞர் கெற்றலே 1832 இல் வகுத்த விகிதத்துக்கு அன்செல் கீஸ் என்பார் 1972 இல் உடற்றிணிவுச் சுட்டி எனப் பெயர் சூட்டியது பின்னர் நிகழ்ந்தது. பருமன் ஆயுளைக் குறைக்கும் என்பது கட்டுப்பணம் அறவிடுகையில் விஞ்ஞானமாக இருந்தது. சிகிச்சைக்குப் பணம் கேட்கையிலோ அது ‘அழகு’ ஆகிவிடுகின்றது.

எனினும் விலக்கு என்பது இயற்கை விதியன்று. அமெரிக்க முதியோர்க்கான அரச மருத்துவக் காப்புறுதியின் கைந்நூலில் பருமன் நோயன்று என்றிருந்த வாசகம் 2004 இல் நீக்கப்பட்டது. 2006 இல், சுட்டி 35 உம் அதற்கு மேலும் இருந்து, இணைநோயும் உள்ளவர்க்கு, முன்னைய சிகிச்சைகள் பயனளிக்காவிடத்து, அது இச்சத்திரசிகிச்சையை ஏற்றது. 2013 இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் பருமனை நோயென அறிவித்தது. 2022 இல் இத்துறைச் சத்திரசிகிச்சை வைத்தியர்களின் சர்வதேச அமைப்புகள் 1991 இன் வரையறையைத் தளர்த்தியதோடு, ஆசிய மக்களுக்கு 27.5 இலிருந்தே இதனைக் கருதலாம் எனவும் கூறின. இருந்தும் அந்நாட்டின் தனியார் பத்திரங்கள் பல, மாதக்கணக்கில் வைத்தியர் மேற்பார்வையில் உணவுக்கட்டுப்பாடு இருந்தமைக்குச் சான்று கேட்டு நோயாளரைக் காக்க வைத்தன. அத்தகைய நிபந்தனைக்கு ஆதாரமில்லை என அந்நாட்டு வைத்தியர் சங்கம் 2016 இல் கண்டித்தது. செல்வ நாட்டிலும் படிப்பறிவும் பொறுமையும் உள்ளவனே பத்திரத்தை வெல்கின்றான். ஏழை வாயிலிலேயே திரும்புகின்றான்.

அக்காவைக் காத்தது எது? கொழும்பிலுள்ள அரச மருத்துவமனை ஒன்றின் கிளினிக்கில் 2022 தை மாதம் அவர் பெயர் பதியப்பட்டது. அவ்வாண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பட, அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் பிற்போடப்பட்டன. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் அவர் ஏழு முறை சென்று வந்தார். ஒருமுறை பஸ்ஸிலேயே மூச்சுத் திணறிற்று. அம்மா அன்று முழுநாளும் உண்ணவில்லை. 2023 ஆவணியில் சத்திரசிகிச்சை நடைபெற்றது. சிகிச்சைக்குக் கட்டணம் கேட்கப்படவில்லை. ஓராண்டின் பின் அவர் நிறை 76 கிலோகிராம்; இன்சுலின் ஊசி நிறுத்தப்பட்டது. உயிர்ச்சத்து மாத்திரைகளை ஆயுள் முழுதும் உட்கொள்ள வேண்டும். குருதிப் பரிசோதனைகளும் தொடர வேண்டும். இஃது எளிய வழியன்று. அவருக்கு எஞ்சியிருந்த வழி.

நாம் இலகுவிற் குறைகூறும் அந்த நெரிசல் மிக்க மருத்துவமனை, அக்காவிடம் எந்தப் பத்திரத்தையும் கேட்கவில்லை. ஆனால் அவர் அங்கே காத்திருந்த பத்தொன்பது மாதங்களையும் மறைத்தல் தகாது. அரச மருத்துவத்தைப் போற்றுவோர் அதற்கு வேண்டிய கட்டில்களையும் தாதியரையும் மருந்தையும் கேட்டுப் போராடவும் வேண்டும்.

பத்திரத்தின் பக்கத்திலும் செய்யவேண்டியது உண்டு. கையொப்பமிடுமுன் ‘விலக்குகள்’ பகுதியை முதலில் வாசியுங்கள். மறுப்பை எந்த நிபந்தனையின் கீழ் என எழுத்திற் கேளுங்கள். பிணக்கு எழுந்தால் நம் நாட்டிற் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிட வழியுண்டு. ஆயினும் தெளிவாக விலக்கப்பட்ட ஒன்றைத் தனியொருவர் வாதத்தினால் உள்ளே கொணர்தல் அரிது. கூட்டுக் காப்புறுதி கூட்டாகவே பேசப்பட வேண்டும். அத்தானின் ஊழியர் சங்கம் சென்ற ஆண்டு பத்திரம் புதுப்பிக்கப்படுகையில் அந்த ஒரு வரியை நீக்குமாறு கேட்டது. கட்டுப்பணம் உயரும் என நிறுவனம் கூறியது. எவ்வளவு எனச் சங்கம் கேட்டுள்ளது. பேச்சு இன்னும் முடியவில்லை. அத்தொகையை எல்லோரும் பகிர்ந்தால் தலைக்கு என்ன வரும் என்று அத்தான் இப்பொழுது கணக்குப் பார்க்கின்றார்.

இவ்வாண்டும் ‘மருந்து’ அதிகாரத்தைக் கற்பித்தேன். அளவறிந்து உண்ணும் குறளுக்கு வந்ததும் பின்வாங்கிலிருந்த பருத்த மாணவி ஒருத்தி தலைகவிழ்ந்தாள். மற்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். முன்னைய ஆண்டுகளிலும் இவ்வாறு யாரேனும் தலைகவிழ்ந்திருப்பர், நான் கவனித்ததில்லை. புத்தகத்தை மூடிவைத்து, அக்காவின் மூன்று குறிப்புப் புத்தகங்களைப் பற்றி அவர்களுக்குச் சொன்னேன். மணி அடித்த பின்னரும் சிலர் எழுந்து போகவில்லை.