இப்ப எதால போறது?

மட்டக்களப்பில் 'பாதை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது. மற்றது தண்ணீரில் மிதப்பது. வாவியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் நெல் மூட்டைகளையும் ஏற்றிப்போகும் மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். குருமண்வெளித் துறையில் நின்று "பாதை வந்திட்டா?" என்று ஒருவர் கேட்டால் வெளியூர்க்காரர் விழிப்பார். பாதை எப்படி வரும், நாம்தானே போகவேண்டும்? எங்கள் ஊரில் பாதை வரும், போகும். காற்று மாறினால் வராமலும் விடும். மண்முனைக்கும் அப்படியொரு பாதை இருந்தது. 2014இல் அங்கே பாலம் திறந்தபிறகு அந்தத் துறையில் காத்திருப்பார் இல்லை.

எனக்கு இப்போது 74 வயது. அமிர்தகழிதான் ஊர். மாமாங்கேஸ்வரர் கோயில் மணி கேட்டு எழும்பி வளர்ந்தவன். ஊர்ப்பெயரின் கடைசியில் இருக்கும் 'கழி' உப்பங்கழி. ஊன்றி நடக்கும் கோலுக்கும் தமிழில் கழி என்றே பெயர். கழிக்குள் இறங்குகிறவன் கையில் கழி இருக்கவேண்டும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. தமிழ்ப் பண்டிதர்கள் பொறுத்தருள்க.

இளவயதில் நில அளவைக்காரரோடு சங்கிலி பிடித்துத் திரிந்தேன். 66 அடிச் சங்கிலி. அதன் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களிலும் கண்டல் காடுகளிலும் நான் நடந்த தூரத்துக்குக் கணக்கில்லை. இந்த நாட்டில் நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. இருநூறு வருடத்துக்கு மேலாக அளக்கிறார்கள். வாவிக்கரையை மட்டும் யாரும் அளந்து முடித்ததாக நான் நினைக்கவில்லை. ஒருமுறை எங்கள் அளவையாளர் தோணிக்காரர் ஒருவரிடம் "இந்த இடத்தில் கரை எது?" என்று கேட்டார். அவர் தண்டை நிறுத்திவிட்டு, "எந்த மாசத்துக் கரை ஐயா?" என்றார். அளவையாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கேள்வி எனக்கு விளங்க முப்பது வருடத்துக்கு மேல் பிடித்தது.

விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். கடலோடு சேர அதற்கு இரண்டே வாய்கள்: எங்கள் பக்கத்தில் பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாறு. கோடையில் கடல் மணலை ஒதுக்கி வாயை அடைத்துவிடும். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் மேற்கிலிருந்து வரும் வெள்ளமெல்லாம் வாவிக்குள் தேங்கி, கரை ஏறி, படுவான்கரை வயல்களைத் தொடும். அப்போது மணல்திட்டு தானாக உடையவேண்டும், அல்லது வெட்டிவிடவேண்டும். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கு ஒரு நியாயம், மீன்பிடிகாரருக்கு இன்னொரு நியாயம். வெட்டினால் சில நாளிலேயே தண்ணீர் வடிந்து, நேற்று தோணி போன இடத்தில் இன்று கொக்கு நிற்கும்.

அப்படி வடிந்த ஒரு மார்கழியில்தான் நான் அறிவாளியானேன். ஓய்வு பெற்றுச் சில வருடம் ஆகியிருந்தது. பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த பேரனை வெளிச்சவீடு காட்டக் கூட்டிப்போனேன். 1913இல் கட்டிய வெளிச்சவீடு, 28 மீற்றர் உயரம் என்றெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொண்டு போனேன். பார் வீதியால் போயிருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. எனக்குத்தான் ஊர் முழுக்கத் தெரியுமே! வாவி ஓரமாகக் குறுக்கே போகலாம் என்றேன். "வழி தெரியுமா அம்மப்பா?" என்று ஒன்பது வயதுப் பிள்ளை கேட்டான். "நான் அளந்த நிலம்டா இது" என்றேன். அதைச் சொன்ன வாய் இன்றைக்கும் கூசுகிறது.

மேலே வெயில் பட்டு வெடித்த தரை. பார்த்தால் சிமெந்துத் தளம்போல இருந்தது. பத்தடி போனதும் வலது கால் முழங்காலுக்கு மேல் இறங்கிவிட்டது. இழுத்தால் இடது கால் இறங்குகிறது. பேரன் பின்னால் உமரிப் பற்றைக்குள் நின்று அழத் தொடங்கினான். ஆளைக் கூப்பிட வெட்கமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். சேற்றில் நின்றபடி, கௌரவமாக வெளியேற ஒரு வழியை யோசித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் அப்பால் இடுப்பில் பறி கட்டி, கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார். என் மகள் வயதிருக்கும். "ஐயா, அசையாம நில்லுங்க. முகத்துவாரம் வெட்டி மூணு நாள்தான். மழைத்தண்ணி கொண்டுவந்த சேறு மேல மட்டும் காஞ்சிருக்கு" என்றார். ஒரு கம்பை நீட்டி, என்னைப் பின்பக்கமாகச் சாயச் சொல்லி, காலை மெதுவாகச் சுழற்றி எடுக்கச் சொன்னார். அரைமணி நேரத்தில் வெளியே வந்தேன். ஒரு செருப்பு வரவில்லை.

பிறகு அவர் எங்களுக்கு முன்னால் நடந்தார். எங்கே கால் வைக்கிறார் என்று பார்த்தேன். உமரி முளைத்த இடத்தில் வைத்தார். ஊரி ஓடு சிதறிக்கிடந்த மணலில் வைத்தார். கண்டல் வேரை ஒட்டி வைத்தார். தில்லை மரம் வந்தபோது பேரனை மறுபக்கம் இழுத்து, "பால் கண்ணில பட்டா பார்வை போயிரும் மகன்" என்றார். மொட்டையாகக் கிடந்த வெளியை அவர் ஒருமுறையும் மிதிக்கவில்லை. "நேற்றும் இதாலதான் வந்தீங்களா?" என்று கேட்டேன். "நேற்று இது தண்ணி ஐயா" என்றார்.

1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ற் இலங்கை அரசின் மிகப்பெரிய அதிகாரிகளில் ஒருவர். வாவிக்குள்ளிருந்து கேட்கும் இசை எதனுடையது என்று அவரும் மீன்பிடிகாரரைத்தான் கேட்டார். ஊரிதான் பாடுகிறது என்றார்கள், அப்படியே எழுதிவைத்தார். பாடுவது மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது, அதை விடுவோம். அந்தப் பெரிய மனிதருக்குக் கேட்கத் தெரிந்திருந்தது.

கேட்டு நடக்கவேண்டிய நிலம் வேறு நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தின் வடமேற்கில் மோர்கம் விரிகுடா என்று ஒரு சேற்றுவெளி இருக்கிறது. கடல் வற்றினால் மைல்கணக்கில் நடக்கலாம், ஆனால் ஆற்றின் ஓட்டமும் புதைமணலும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் வழிகாட்டி ஒருவரை அரசே நியமிக்கிறது. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து தொடரும் பதவி. 1963இல் அந்தப் பொறுப்பை ஏற்ற செட்ரிக் ராபின்சன் ஐம்பது வருடங்களுக்கு மேல் அதைச் செய்தார். ஆண்டுச் சம்பளம் 15 பவுண், இருக்க ஒரு வீடு. அவர் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் தானே போய் மணலைச் சோதித்து, லாரல் கிளைகளை நட்டு அடையாளம் வைப்பாராம். அதே வெளியில் 2004 பெப்ரவரி 5 இரவு சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் ஏறுதண்ணீரில் அகப்பட்டு இறந்தார்கள். அதே வருடம் டிசம்பர் 26 சுனாமியில் எங்கள் நாவலடிக்கும் டச்பாருக்கும் நேர்ந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. அன்று எந்த வழிகாட்டியாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

இறால் பிடித்த பெண்ணுக்கு அரசாங்கம் 15 ரூபாயும் கொடுக்கவில்லை.

ஒவ்வொரு வருடமும் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் எங்கள் மாமாங்கத்தில் வந்து தங்குவார்கள். வடக்கே செல்வச்சந்நிதியில் வேலெடுத்துப் புறப்பட்டு, வெருகல், சித்தாண்டி கடந்து, எங்களிடம் சோறு உண்டு, தெற்கே திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று போய் குமண, யால காடுகளால் கதிர்காமம் சேருவார்கள். சேற்றில் புதைந்த அடுத்த ஆடிக்கு நானும் சேர்ந்துகொண்டேன். வழியில் எல்லாரும் எல்லாரையும் 'சாமி' என்றுதான் கூப்பிடவேண்டும். பெயரும் பதவியும் கிடையாது. எங்கள் கூட்டத்தை நடத்திய முதியவர் பலமுறை அந்த வழியால் போனவர். அவர் ஒவ்வொரு ஆற்றங்கரையிலும், தண்ணீர்க் கிடங்கிலும், ஆடு மேய்க்கும் பொடியனிடமும் நின்று "சாமி, இப்ப எதால போறது?" என்று கேட்டார். எனக்கு முதல் இரண்டு நாள் எரிச்சல். இத்தனை முறை போனவருக்கு வழி தெரியாதா? மூன்றாம் நாள்தான் அவர் கேள்வியில் இருந்த 'இப்ப' என் காதில் விழுந்தது. தோணிக்காரர் கேட்ட 'எந்த மாசம்' அதுதான்.

பிள்ளைகள் இப்போது என்னிடம் யோசனை கேட்டு வருவது குறைவு. முன்பு அது எனக்கு வருத்தம். இப்போது வெளிநாட்டு வேலை, வங்கிக் கடன், கலியாணப் பேச்சு என்று எதற்காவது கேட்டால், "நான் போன காலத்தில் இந்த இடத்தில் தண்ணீர் இருந்தது, இன்றைக்கு இறங்கி நிற்கிறவனைக் கேள்" என்கிறேன். அன்று அழுத பேரன் இதைக் கேட்டால் என் செருப்பை நினைவுபடுத்துவான்.

அமிர்தகழிப் பக்கம் நடக்க வருகிறவர்கள் மாமாங்கத் தீர்த்தக் குளத்திலிருந்து விடியற்காலையில் புறப்படுங்கள். கையில் ஒரு கம்பு, குடிக்கத் தண்ணீர். கைபேசியில் உள்ள வரைபடத்தை மூடிவையுங்கள். வலை உதறிக்கொண்டு யாராவது நிற்பார்கள். அவரைக் கேளுங்கள். இன்று காலை நான் கேட்டேன்: முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லையாம்.