முரளிக்கு ஒரு விக்கெட்... இந்தியாவுக்கு கப்!

நீலகிரி என்றால் ஊட்டி, ஏரி, படகு, வர்க்கி... அதோடு முடித்துக்கொள்கிற ஆசாமியா நீங்கள்? நானும் அப்படித்தான் இருந்தேன், 2011 ஏப்ரல் 2-ம் தேதி வரைக்கும்!

அன்று சனிக்கிழமை. உலகக் கோப்பை ஃபைனல், இந்தியா - இலங்கை. ஊரே டி.வி. முன்னால். நான் மட்டும் கூடலூரிலிருந்து நெல்லியாளம் பக்கம் போகிற பஸ்ஸில்! மறுநாள் ஆபீஸ் நண்பனின் தங்கைக்கு நிச்சயதார்த்தம். ஃபைனலை ஒட்டி நிச்சயம் வைக்கிறவன் எல்லாம் ஒரு நண்பனா, சார்?

நாடுகாணி, தேவாலா, பந்தலூர் என்று பஸ் வளைந்து வளைந்து போனது. இடது பக்கம் தேயிலை, வலது பக்கம் தேயிலை, நடுவே புரளும் என் வயிறு! கேரளா பக்கத்திலேயே இருப்பதால் டீக்கடையில் தமிழும் மலையாளமும் ஒரே கிளாஸில் கலந்து கிடைக்கின்றன.

நண்பன் வீடு டேன்டீ குடியிருப்பில். தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் செல்லப்பெயர் அது. 1964-ல் சாஸ்திரியும் சிரிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு தொடங்கிய தோட்டங்கள் இவை.

நண்பனின் தாத்தாவும் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்தான்.

"வாங்க தம்பி, தேத்தண்ணி குடிங்க!"

சின்ன அறை, இருபது பேர், ஒரு டி.வி. ஜெயவர்த்தனே 103 அடிக்க, இலங்கை 274. நம்மாட்கள் ஆட வந்தார்கள். ரெண்டாவது பந்திலேயே சேவாக் அவுட். டெண்டுல்கர் 18-ல் காலி. 31-க்கு 2! அறை இழவு வீடாகிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன், "என்ன தாத்தா, உள்ளுக்குள்ளே குஷிதானே? உங்க டீமாச்சே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தாத்தா சிரிக்கவில்லை.

மெதுவாக என் பக்கம் சாய்ந்தார். "96-லயும் இப்படித்தான் தம்பி. கல்கத்தா செமி ஃபைனல்ல 98-க்கு 1-னு இருந்தது, 120-க்கு 8 ஆச்சு. கலாட்டா ஆகி மேட்சை இலங்கைக்குக் குடுத்துட்டாங்க. மறுநாள் பூரா 'தாத்தா, பாயசம் எங்கே'ன்னு கேட்டானுங்க. அங்கே இருந்தப்ப கள்ளத்தோணின்னாங்க. இங்கே வந்தா சிலோன்காரன்! ரெண்டு டீமும் என்னைச் சேர்த்துக்கலே."

"நிஜமாவே நீங்க யார் பக்கம் தாத்தா?"

"முரளிக்கு ஒரு விக்கெட். இந்தியாவுக்கு கப்!"

நியாயமான கோரிக்கைதான். கண்டியில் பிறந்த முரளிதரனின் தாத்தாவும் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அதுதான் முரளிக்குக் கடைசி சர்வதேச மேட்ச் வேறு.

கம்பீரும் கோஹ்லியும் சேர்ந்து 83 ரன் எடுத்து மூச்சு விட வைத்தார்கள். கோஹ்லி அவுட். 114-க்கு 3. அடுத்து யுவராஜ் என்று பார்த்தால், தோனி! தாத்தா தலையில் கை வைத்தார். "போச்சு! சென்னை டீம்ல முரளியோட ஒண்ணா ஆடினவனாச்சே, கை அத்துப்படியாச்சே!" (நெட்டில் முரளியை ஆடிய தைரியத்தில்தான் முன்னால் வந்ததாக, தோனியே பின்னால் சொன்னார்.)

இந்தியா எழ எழ, தாத்தாவின் பாதி வேண்டுதல் சரிந்துகொண்டே போனது. முரளி 8 ஓவர், 39 ரன், விக்கெட் பூஜ்யம். கம்பீர் 97-ல் அவுட்டானபோது கூட "யாரு எடுத்தா? முரளியா?" என்றார். இல்லை, பெரேரா!

49-வது ஓவர். குலசேகரா பந்தில் தோனி தூக்கிய சிக்ஸர்... 28 வருஷத்துக்கு அப்புறம் கப்! அறையே வெளியில் பாய்ந்தது. வெடிச் சத்தத்தில் யானை வந்திருந்தாலும் கேரளாவுக்கே ஓடியிருக்கும்!

உள்ளே நானும் தாத்தாவும் மட்டும். கை தட்டினார். கண் மட்டும் திரையில், கைகுலுக்கிக்கொண்டிருந்த இலங்கை வீரர்களில் யாரையோ தேடியது.

அந்தப் பக்கத்து வீட்டுப் பையன் மூச்சிரைக்க ஓடி வந்து தாத்தா வாயில் லட்டைத் திணித்தான். "தாத்தா, நாம ஜெயிச்சிட்டோம்!"

அவன் போனதும் தாத்தா லட்டை மென்றபடியே என்னைப் பார்த்தார்.

"கவனிச்சீங்களா தம்பி? 'நாம'ன்னு சொல்லிட்டுப் போறான்!"