தீருவை முற்றுகையிட்ட தோள்கள்

கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த நாட்களில், மாலை விளக்கேற்றியதும் வேதம் வாசிக்கும் பொறுப்பு என்னுடையது. ஆச்சிக்குக் கண் மங்கிவிட்டது. எனினும், எந்த அதிகாரத்தை வாசிப்பதென்று அவரே தெரிவு செய்வார். செருக்குற்ற நகரங்கள் வீழும் பகுதிகளிலே அவருக்குத் தனி விருப்பம். தீரு பட்டணத்தின் மேல் எசேக்கியேல் கூறிய தீர்ப்பை எத்தனை தடவை வாசித்திருப்பேனோ! நா இடறும் பெயர்களை அவரே மனப்பாடமாக எடுத்துக் கொடுப்பார்.

தீரு, இன்றைய லெபனானின் கரையோரத்திலே தீவொன்றின் மேல் எழுந்த பினீசிய வணிக நகரம். எசேக்கியேலின் 27ஆம் அதிகாரத்தைக் கப்பற் சரக்குப் பட்டியலாகவே படிக்கலாம். வெள்ளி, இரும்பு, ஈயம், யானைத் தந்தம், கருங்காலி, தேன், எண்ணெய், ஆட்டுமயிர் என்று அது நீண்டு செல்கிறது. அவற்றின் நடுவே மனிதரும் ஒரு சரக்கு. எருசலேம் வீழ்ந்தபோது, இனி அதன் வாணிபமும் நமக்கே என்று மகிழ்ந்த நகரம் அது. அதன் அதிபதியோ தன்னைத் தெய்வமென்றே எண்ணினான். இவற்றையெல்லாம் சொன்னவர் அரியணைக்கு அருகில் இருந்தவரல்லர். கி. மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டவர்களுள் ஒருவர்.

பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் வந்து தீருவை அழிப்பான். அது மீனவர் வலை விரிக்கும் வெறும் பாறையாகும் என்பது தீர்ப்பு. மன்னன் வந்தான். பதின்மூன்று ஆண்டுகள் முற்றுகையிட்டான் என்கிறார் யோசேபஸ். ஆனால் எதிர்பார்த்த கொள்ளை கிட்டவில்லை. முதல் வாக்குக்கு ஏறக்குறைய பதினாறு ஆண்டுகளின் பின் எசேக்கியேலே இதனை ஒப்புக்கொள்கிறார். பட்ட பாட்டுக்குக் கூலி கிடைக்கவில்லை, ஈடாக எகிப்து கொடுக்கப்படும் என்கிறார். தம் வாக்கு சொன்னபடி முடியவில்லை என்பதை அழித்தெழுதாமல் விட்ட அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். அதைவிடப் பெரிது, அவ்விடத்திலே அவர் கண்ட ஒரு காட்சி: சுமை சுமந்த படையினரின் தலைமயிர் தேய்ந்துபோனதையும், தோள்களின் தோல் கழன்றதையும் அவர் குறித்து வைத்திருக்கிறார்.

நான் அதை வாசித்த மாலையில் அப்பா வாசற்படியில் இருந்தார். துறைமுகத்திலே மூட்டை சுமந்தவர்; வலத்தோள் காய்ப்பேறிக் கறுத்திருக்கும். வேத வாசிப்பிலே ஒருநாளும் வாய் திறவாதவர்.

"அதை இன்னொருக்கா வாசி, மகன்."

வாசித்தேன்.

"அந்தச் சுமந்த ஆக்களுக்கு என்ன குடுத்தவங்கள்?"

"எகிப்திலே கொள்ளை கிடைக்கும் எண்டு எழுதியிருக்கு, கேட்டனியே?" என்றார் ஆச்சி.

"அப்ப அதையும் அவங்கள்தானே சுமக்கோணும்."

ஆச்சி மறுமொழி சொல்லவில்லை. வேதத்தை மூடச் சொல்லவுமில்லை.

தீருவின் பிற்காலக் கதையைப் பல ஆண்டுகள் கழித்தே நான் அறிந்தேன். கி. மு. 332இல் அலெக்சாந்தர் வந்தான். கரையிலிருந்த பழைய தீருவின் கற்களைப் பெயர்த்துக் கடலிலே கொட்டித் தீவுவரை பாதை அமைத்து, ஏழு மாதங்களில் நகரைப் பிடித்தான். ஏறக்குறைய 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டனர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் அரியன் எழுதுகிறார். மனிதரை விற்ற நகரம் தானே விலைப்பட்டது. ஆச்சி கேட்டிருந்தால் தராசு சரியாயிற்று என்றிருப்பார். ஆயின் அதே அரியன் இன்னொன்றும் சொல்கிறார். நகரத்து மன்னன் அசெமில்கசும் பெரும் பிரமுகர்களும் கோயிலொன்றிலே புகலடைந்தனர். அவர்களுக்கு மன்னிப்பு அளிக்கப்பட்டது. சரக்குப் பட்டியலின் இலாபத்தை உண்டவர் எவரோ, அவர் தப்பினார். விலைப்பட்டவருள் எத்தனை பேர் அந்தக் கப்பல்களிலே தண்டு வலித்தவரோ, மூட்டை இறக்கியவரோ!

அப்பா உயிரோடிருந்திருந்தால் இதை அவருக்குச் சொல்லியிருப்பேன். அலெக்சாந்தரின் பாதையை ஒட்டி நூற்றாண்டுகளாக மணல் சேர்ந்து, தீவு இன்று தீவாக இல்லை. சூர் என்ற பெயரோடு அந்நகரிலே மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் நடமாடும் தெருக்கள் சிலவற்றின் கீழே, பெயர் தெரியாத மனிதர் சுமந்து வந்து கொட்டிய கற்கள் கிடக்கின்றன.