கையொப்பத்தின் பொருள்

இவ்வாண்டு கலாசாலையை விட்டு உத்தியோகத்திற் புகவிருக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு சிறு விஷயத்தைக் கூற விரும்புகின்றோம். காரியாலய ஒழுக்கம் யாது என வினவின், குறித்த நேரத்தில் வருதல், தூய உடை தரித்தல், மேலோரிடம் பணிவும் ஏனையோரிடம் இன்சொல்லும் உடையராதல் என்னும் விடைகளே பெரும்பாலும் கிடைக்கும். இவை நல்லனவே. ஆயினும் இவையனைத்தும் உடைய ஒருவர் தம் தொழிலுக்குத் துரோகம் இழைத்தல் கூடும். இதனை யாம் நூல்களிற் கற்றோமல்லோம். எம் பிழையினாற் கற்றோம்.

கல்வி முடிந்தபின் யாம் முதன்முதல் அமர்ந்தது ஒரு வணிக நிலையத்தில். கிடங்கிலுள்ள மூட்டைகளை மாதக் கடைசியில் எண்ணி, இருப்புப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிடுதல் எம் கடமைகளுள் ஒன்று. முதலிரு மாதங்கள் ஒழுங்காக எண்ணினோம். மூன்றாம் மாதம் வெயில் கொடிது. கிடங்கின் கூரையோ தகரம். இருக்கவேண்டிய தொகையைப் புத்தகத்தைக் கொண்டே கூட்டிக் கழித்தெழுதி, ‘எண்ணிச் சரிபார்க்கப்பட்டது’ என்னும் வாசகத்தின் கீழ் ஒப்பமிட்டோம். அடுத்த மாதமும் அவ்வாறே. எவரும் வினவவில்லை. எம்மைப்போல் ஒழுங்கான பிள்ளை இல்லையென்று நிலையத்தார் புகழ்ந்ததும் அந்நாட்களிலேதான்.

பின்னர் நடந்த தணிக்கையில் 12 மூட்டைகள் குறைந்தன. எம் ஒப்பம் இருந்தமையின், சென்ற மாதக் கடைசிவரை சரக்குச் சரியாயிருந்தது என்றும், அதன் பின்னரே களவு போயிற்று என்றும் கருதினர். திறவுகோல் வைத்திருந்த முதியவர்மேல் ஐயம் விழுந்தது. அவரை வேலையினின்றும் நிறுத்திவைத்தனர். யாம் வாய்திறந்தோமில்லை. நான்கு நாட்கள், முன்போலவே குறித்த நேரத்திற்குச் சென்று, முன்போலவே வணக்கம் கூறி அமர்ந்திருந்தோம். பிலாத்து கை கழுவிய வரலாற்றைக் கலாசாலைச் சிற்றாலயத்தில் எத்தனைமுறை கேட்டிருப்போம்! அது பிறன் கதை என்றே அதுகாறும் எண்ணியிருந்தோம்.

ஐந்தாம் நாள் மேலாளரிடம் உண்மையைக் கூறினோம். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, “தம்பி, எண்ணாதது சோம்பல், அதை மன்னிக்கலாம். பெரியவர் ஒருவர் பழி சுமக்கப் பார்த்துக்கொண்டிருந்தீரே, அதற்கு என்ன பெயர்?” என்றார். எமக்கு விடையில்லை. பழைய சீட்டுகளை ஆராய்ந்ததில், அம்மூட்டைகள் மூன்றாம் மாதத்திலேயே வேறொரு கிடங்கிற்கு அனுப்பப்பட்டு, புத்தகத்திற் பதியாமல் விடப்பட்டமை தெரிந்தது. அம்மாதம் எண்ணியிருப்பின் அன்றே வெளிப்பட்டிருக்கும். அவ்வாண்டின் சம்பள உயர்வு எமக்கு மறுக்கப்பட்டது, அது நியாயமே.

நிற்க. பல ஆண்டுகளின் பின், அமெரிக்க விண்ணோடமாகிய சாலஞ்சரின் வரலாற்றைப் படித்தபோது எம் கிடங்கே நினைவிற்கு வந்தது. 1986ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் இரவு, ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் இறுகிவிடும், மறுநாள் ஏவலாகாது என்று அதனைச் செய்த கம்பெனியின் பொறியாளர் மன்றாடினர். முதலில் இசைந்த நிர்வாகிகள் பின்னர் மாறினர். ஏவுதளத்தில் அக்கம்பெனியின் பிரதிநிதியாயிருந்த ஆலன் மக்டானல்டு சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிட மறுத்தார், வேறொருவர் ஒப்பமிட்டார். மறுநாள் விண்ணோடம் எழுந்த 73 வினாடிகளிற் சிதைந்து, எழுவர் மாண்டனர். மக்டானல்டு விசாரணைக் குழுவின்முன் தாமாக எழுந்து நடந்ததைக் கூறினார். அதனாற் பதவி தாழ்த்தப்பட்டார். பின்னர் மீண்டும் பொறுப்பேற்று, அவ்விணைப்பைத் திருத்தியமைக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். 1988இல் விண்ணோடங்கள் மீண்டும் பறந்தன.

அவர் ஒப்பமிட மறுத்தது ஏழு உயிர் பற்றியது. யாம் ஒப்பமிட்டதோ 12 மூட்டை பற்றியது. அளவு வேறாயினும் அறம் ஒன்றே. கண்டதற்கே ஒப்பமிடுதலும், நம் மௌனத்தால் பிறர் துன்புறுங்கால் வாய்திறத்தலுமே தொழிலொழுக்கத்தின் உயிர். ஏனைய யாவும் அதற்கு உடுத்தும் உடை.

முதியவர் வேலைக்குத் திரும்பினார். அம்மாதக் கடைசியில் யாம் கிடங்கிற்குச் சென்றபோது, அவர் ஒரு சொல்லும் கடிந்து கூறாது, சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு எம்முடன் வந்தார். யாம் எண்ண எண்ண, மூட்டைதோறும் ஒரு கோடு இழுத்தார். இடையில் யாம் வியர்வை துடைக்க நின்றபோது, “மெதுவாக எண்ணுங்கள், தம்பி, நான் இருக்கிறேன்” என்றார். அன்று முதல் இன்றுவரை, எண்ணாத எதற்கும் யாம் ஒப்பமிட்டதில்லை.