தாம்பரத்திலிருந்து பத்து மீட்டர்

சனிக்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு அடுப்பங்கரையில் நிற்பீர்கள். நானும் அப்படி நிற்கிறவள்தான். ஆனால் போன மாதம் ஒரு சனிக்கிழமை, அந்த நேரத்துக்குத் தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், ஒரு துப்பாக்கியைக் காவல் காத்துக்கொண்டு நின்றேன். பயப்படாதீர்கள். காற்றுத் துப்பாக்கி. அதுவும் இரவல் துப்பாக்கி.

துப்பாக்கிக்கு உடையவள் கோயமுத்தூரில் காலேஜில் சேர்ந்துவிட்ட ஒரு பெண். அதை இரவல் வாங்கியிருப்பவள் என் அண்ணன் மகள், பதினோராம் வகுப்பு. வெளிநாட்டிலிருந்து வருகிற பந்தயத் துப்பாக்கி ஒன்று இரண்டு லட்சத்துக்கு மேல் விலை என்று கேட்டதும், "அந்தப் பணத்துக்கு ஆறு பவுன் போட்டு வைத்தால் கல்யாணத்துக்காவது ஆகும்" என்றாள் என் அண்ணி. அந்தக் கணக்கு இப்போது தங்கம் விற்கிற விலைக்குச் சரிப்படாது என்பதை நான் சொல்லவில்லை. அண்ணியுடன் கணக்குப் பேசி ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் கிடையாது. கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்த ஒரு போட்டிக்குப் போகலாம். அடுத்த கட்டத்துக்குத் தேறினால் மேலே பார்க்கலாம். தேறாவிட்டால் துப்பாக்கி கோயமுத்தூருக்குத் திரும்பும். பெண் பிளஸ் டூ பாடத்துக்குத் திரும்புவாள்.

துணைக்குப் போக வேறு ஆள் இல்லாததால் அத்தை அகப்பட்டாள்.

தாம்பரத்திலிருந்து வடக்கே போகிற மின்சார ரயிலில் நீங்கள் எத்தனை முறை போயிருப்பீர்கள்! 1931ல் ஓடத் தொடங்கிய வண்டி அது. அன்றைக்கு மீட்டர்கேஜ். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம் என்று மனப்பாடமாக ஒப்பித்துவிடுவீர்கள். ஆனால் ஐந்தடி நீளத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அதே ரயில் வேறு ரயிலாகிவிடும். எதிரே உட்கார்ந்த பூக்கார அம்மாள், "வீணையாம்மா?" என்றாள். பக்கத்தில் இருந்தவள், "இல்லை, கீபோர்டு. எங்க பேரன் வச்சிருக்கான்" என்று தீர்ப்புச் சொன்னாள். மருமகள் வாயைத் திறக்கவே இல்லை. நானும் தலையை ஆட்டி வைத்தேன். பையில் சங்கத்தார் கொடுத்த கடிதம் இருந்தது. வாஸ்தவத்தில் குறிப்பிட்ட சக்திக்கு உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கூடத் தேவையில்லையாம். இருந்தாலும், காலை நேரத்தில் ஒரு பெட்டி நிறையப் பெண்களைக் கலவரப்படுத்துவானேன்?

பல்லாவரம் வந்தபோது அவளுக்குக் கொஞ்சம் தைரியம் ஊட்டலாம் என்று, "இந்த ஊரில்தான் 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற துரை ஒரு கல்லைப் பொறுக்கி எடுத்தார். பழைய கற்காலத்து மனிதன் செதுக்கிய கோடரி அது. இந்த வட்டாரத்தில் குறி பார்க்கிற வேலை அப்போதே ஆரம்பமாகிவிட்டது" என்றேன். "அத்தை, கோடரியால் குறி பார்க்க மாட்டாங்க; வெட்டுவாங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் பேசவில்லை.

பரங்கிமலையில் இறங்கினோம். இது பீரங்கிக்காரர்களின் மலை. வெள்ளைக்காரன் காலத்தில் சென்னைப் பீரங்கிப் படைக்குத் தலைமை இடமாக இருந்தது. இப்போது இங்கே இராணுவ அதிகாரிகளைத் தயார் செய்கிற பயிற்சிக் கழகம் இருக்கிறது. 1963ல் தொடங்கியது, 1992லிருந்து பெண்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் வயதுள்ளவர்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஊர் இது. நாமோ ஒரு துப்பாக்கியைக் கீபோர்டு என்று சொல்லி ஒளிக்கிறோம்!

ஆட்டோ பிடித்து வேளச்சேரிக்குப் போனோம். இந்தப் பக்கம் முன்பு ஏரியும் வயலுமாக இருந்ததைப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். இங்கேதான் 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டு விழா சென்னையில் நடந்தபோது அதற்கென்று நீச்சல் குளம் கட்டினார்கள். ஏழு நாடுகள் வந்தன. அண்ணன் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன்; தெருப் பையன்களோடு வேடிக்கை பார்க்கப் போய்விட்டு இரவு எட்டு மணிக்கு வந்து அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அவன் பெண் இப்போது அதே வேளச்சேரிக்கு வேறு காரியமாக வருகிறாள். குருநானக் கல்லூரியில் சுடுதளம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நாங்கள் போனது வேறொரு சின்ன ரேஞ்ச். வெளியிலிருந்து பார்த்தால் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் என்றுதான் நினைப்பீர்கள்.

உள்ளே போனதும் எனக்கு ஏமாற்றம். நான் எதிர்பார்த்தது சினிமாவில் வருகிற சத்தம். இங்கே ஏகப்பட்ட பேர் வரிசையாக நின்று, "டப்" என்று தயிர் கடைகிற மத்து தவறி விழுந்தாற்போல் ஒரு சத்தம் எழுப்பிவிட்டு, மறுபடி அசையாமல் நிற்கிறார்கள். அவ்வளவுதான் போட்டி. ஆனால் அந்தக் குறி எவ்வளவு பெரியது என்று கேட்டேன் பாருங்கள், அதற்குப் பிறகுதான் மரியாதை வந்தது.

பத்து மீட்டர் தள்ளி இலக்கு. உங்கள் வீட்டு வாசலில் நின்று கொல்லைக் கதவைப் பார்க்கிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு முழுவதும் சேர்த்து நாலரை சென்டிமீட்டர் அகலம். ஒரு சின்ன வடைக்குக் காணாது. அதன் நடுவே பத்து மார்க்குக்கு உரிய புள்ளி இருக்கிறதே, அது அரை மில்லிமீட்டர். அஞ்சறைப் பெட்டியில் கசகசா இருந்தால் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதில் பாதி! சுடுகிற குண்டே நாலரை மில்லிமீட்டர். துப்பாக்கியின் எடை ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். அதைத் தூக்கி நிறுத்தி, 75 நிமிஷத்துக்குள் 60 முறை சுடவேண்டும். பத்து மார்க்கோடு விடுவதில்லை. புள்ளிக்கு நேர் நடுவில் பட்டால் 10.9. தசமப் புள்ளியில்தான் தலைவிதி.

உடுப்பு வேறு. கித்தானும் தோலும் வைத்துத் தைத்த கோட்டு, கால்சட்டை. பலகை மாதிரி விறைப்பு. உடம்பு ஆடாமல் பிடித்துக்கொள்வதற்காம். நம் ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது, பட்டுப்புடவையோடு ஹோமப் புகையில் உட்கார்ந்த என் கல்யாண நாள் ஞாபகம் வந்தது. காப்பியும் கிடையாது. காப்பி குடித்தால் இதயம் படபடக்கும், குழல் ஆடும். "காப்பி இல்லாமல் ஒரு பெண் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறதா?" என்று என் மாமியார் முதல் நாளே வருத்தப்பட்டார். இந்த ஆட்டத்தின் கஷ்டங்களில் எனக்கு மிகவும் பெரிதாகப் பட்டது அதுதான்.

இது பெண்களுக்கு எதற்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். 1976ல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் ரைஃபிள் போட்டியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பந்தயம். அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக் என்ற பெண்மணி 1162 எடுத்தார். அவர் நாட்டுக்காரர் லானி பாஷமும் அதே 1162. விதிப்படி பாஷமுக்குத் தங்கம், மர்டாக்குக்கு வெள்ளி. தேசிய கீதம் ஒலித்தபோது பாஷம் கையை நீட்டி அந்த அம்மாளைத் தம் படிக்கே ஏற்றி நிறுத்திக்கொண்டார். 1992ல் பார்ஸிலோனாவில் சீனத்துப் பெண் ஜாங் ஷான், பறக்கும் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் பந்தயத்தில் ஆண்கள் அத்தனை பேரையும் முந்தித் தங்கம் வாங்கினாள். அடுத்த ஒலிம்பிக்கில் அந்தப் பந்தயம் ஆண்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது! பெண்களுக்குத் தனி ஸ்கீட் வந்தது 2000ல்தான். ஜெயித்தவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிற வழக்கம் நம் தெருவில் மட்டும் இல்லை, பார்த்தீர்களா?

நம் நாட்டுக் கதையும் தெரிந்ததுதான். 2008ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இதே பத்து மீட்டரில் தங்கம் வாங்கினார். தனி மனிதராக ஓர் இந்தியர் வாங்கிய முதல் ஒலிம்பிக் தங்கம். கடைசிக் குண்டு பாக்கி இருந்தபோது பின்லாந்துக்காரர் ஒருவரும் அவரும் சமம். இவர் 10.8 சுட்டார், அவர் 9.7 சுட்டு மூன்றாவது இடத்துக்குப் போனார். 2012ல் லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் பிறந்தது நம் சென்னையில். புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் வரை போய்ச் சுட்டு வந்தார். சினிமா நடிகர் அஜித்குமார் 2021ல் மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கியது உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம்விட நன்றாகத் தெரிந்திருக்கும்.

என் மருமகளின் பையில் ஒட்டியிருந்த படம் மட்டும் இளவேனில் வாலறிவனுடையது. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த பெண். 2019ல் ரியோவில் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியவள். 2024 ஜூலை 28ந் தேதி பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 630.7 எடுத்தாள். முதல் எட்டுப் பேர் இறுதிப் போட்டிக்கு. இவள் பத்தாவது. ஐந்தாவதாக வந்த ரமிதா ஜிந்தாலுக்கும் இவளுக்கும் வித்தியாசம் 0.8. கடைசிப் பத்துக் குண்டு வரையில் இவள் முன்வரிசையில்தான் இருந்தாள்.

"தோத்த படத்தை ஏன் ஒட்டி வச்சிருக்கே?" என்று கேட்டேன்.

"தோத்தது அன்னைக்குத்தானே அத்தை" என்றாள்.

எங்கள் வீட்டுப் போட்டிக்கு வருகிறேன். அவளுக்கு வேண்டியது 610. பத்துப் பத்தாக ஆறு தொகுதி. ஐந்து தொகுதி முடிந்தபோது 509.2. இன்னும் 100.8 வேண்டும், அதுவரை அவள் சராசரி அதற்கு மேலேதான். நான் கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் உட்கார்ந்து, ஏதோ பிரசவ அறை வாசலில் உட்கார்ந்த மாதிரி, கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தேன். ஐம்பத்து மூன்று குண்டு வரையில் பழுதில்லை. ஐம்பத்து நாலாவது குண்டுக்குத் துப்பாக்கியைத் தூக்கினாள். வழக்கத்தைவிட நேரமாயிற்று. எனக்கே தெரிந்தது. குழல் இறங்கவில்லை. "டப்."

திரையில் 8.3.

அடுத்த ஆறு குண்டும் நல்ல குண்டுகள். கூட்டிப் பார்த்தால் 608.9.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். அழுவாள் என்று கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தேன். அழவில்லை. மாவடுவைக் கடித்துக்கொண்டே, "கண்ணில் வேர்வை விழுந்தது. துப்பாக்கியை இறக்கி வச்சிருக்கணும். நேரம் நிறைய இருந்தது. சார் நூறு தடவை சொல்லியிருக்கார். இறக்கினா பயந்துட்டேன்னு ஆயிடுமோன்னு சுட்டுட்டேன்" என்றாள். பிறகு பெட்டியைத் திறந்து குழலைத் துடைத்தாள். திருப்பிக் கொடுக்கப் போகிற சாமானை மனிதர்கள் துடைப்பார்களே, அப்படி.

இதற்குள் என் போன் மணி அடித்தது. அண்ணி.

"என்ன ஆச்சு?"

"தேறவில்லை அண்ணி. ஒன்று புள்ளி ஒன்று குறைச்சல்."

"ம்." கொஞ்ச நேரம் மௌனம். "சாப்பிட்டாளா?"

"சாப்பிடுகிறாள்."

"சரி, துப்பாக்கியை எப்போது பார்சல் போடுகிறது?"

ரேஞ்சிலே அவர்கள் சொல்லிக் கொடுக்கிற விஷயம் ஒன்று உண்டு. குறி சரியாக இல்லை என்று தோன்றினால் அவசரப்பட்டுச் சுடாதே, இறக்கி வை, மூச்சு விடு, மறுபடி தூக்கு. நானும் ஒரு மூச்சு விட்டேன். "அண்ணி, அந்தப் பெண் தீபாவளிக்குத்தான் ஊருக்கு வருகிறாளாம். அதுவரையில் பெட்டி எங்கள் வீட்டில் இருக்கட்டும். இவள் சனி ஞாயிறு கெமிஸ்ட்ரி படிக்க இங்கே வரட்டும்" என்றேன். அண்ணிக்குக் கணக்கு மட்டுமல்ல, ஆள் கணக்கும் தெரியும். சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா என்று போனில் புரியவில்லை. "கெமிஸ்ட்ரி முதலில்" என்றாள்.

திரும்பும் ரயிலில், "என்னம்மா, கீபோர்டு கிளாஸா?" என்று யாரோ கேட்டார்கள். "துப்பாக்கி" என்றேன். நல்ல வேளை, யாரும் நம்பவில்லை.

மேற்குத் தாம்பரத்து எங்கள் வீட்டுக் கூடம் பத்து மீட்டர் இல்லை. அளந்து பார்த்தோம், ஆறேகால்தான். ஆனாலும் குண்டு போடாமல் தூக்கி நிறுத்திப் பழக அது போதுமாம். குறிக்கு என்ன செய்வது என்று தேடியபோது என் மாமியார் தம் டப்பாவைத் திறந்து, இருக்கிறதிலேயே சின்னப் பொட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். காலண்டருக்குப் பக்கத்தில் அது ஒட்டியிருக்கிறது. சுண்ணாம்பு அடிக்க வந்தவனிடம்கூட அதை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.